அவர் அழவே இல்லை, பாஸ்!

உங்க கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். கடைசிக்கு முந்தின பெஞ்ச். ரெக்கார்டு நோட்டில் முன்பக்கம் டயகிராம், பின்பக்கம் கவிதை. கல்ச்சுரல்ஸ்னு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினால் போதும்... கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, குறும்படம்னு எல்லாத்துலயும் முதல் ஆளா பேர் குடுப்பார். 'என்னவாகப் போறே?'னு கேட்டா திங்கட்கிழமை எழுத்தாளர், புதன்கிழமை டைரக்டர், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டர்னு பதில் வரும்.

எங்க கிளாஸில் அந்த ஒருத்தர்... நான்தான்!

இலக்கியம், சினிமா, பத்திரிகை மூணும் ஒரே வீட்டுக்கான மூணு வாசல்னு அப்போ நினைச்சுக்கிட்டு இருந்தேன். எதுல நுழைஞ்சா என்ன, உள்ளே போனா சரி! எப்படியும் எழுதத்தானே போறோம்? பேனா ஒண்ணுதானே?

இல்லை பாஸ். பேனா ஒண்ணுதான். கணக்கு வேற வேற. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த எழுத்தாளரும் இல்லை, எந்த டைரக்டரும் இல்லை. ஒரு தியேட்டர் ஆபரேட்டர்!

ஒரு துளி கண்ணீர்

2019. மதுரையில இருந்து பஸ்ல ஒன்றரை மணி நேரம் போனா எங்க ஊர். நான் பி.எஸ்ஸி ஃபிசிக்ஸ் செகண்ட் இயர். காலேஜ் முடிஞ்சதும் ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். காசு பெருசா இல்லை. ஆனா பேர் வரும்ல? அந்தப் பேரைக் கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலம்.

எங்க ஊர் பழைய தியேட்டரை மூடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதை இடிச்சுட்டு கல்யாண மண்டபம். அங்கே முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டரா இருந்தவரைப் பார்த்துப் பேசி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கன்னு ஆபீஸில் சொன்னார்கள்.

கடைசி ஷோ சனிக்கிழமை ராத்திரி. எனக்குத் திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட். போகலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீக்கடையில் வைத்து அவரைப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசினார். நிதானமான மனிதர். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எல்லாம் வந்தது. முடிவு மட்டும் சப்புன்னு இருந்தது. என்ன பண்ணினேன் தெரியுமா? கடைசி வரியா இதைப் போட்டேன்... 'திரையில் கடைசிக் காட்சி முடிந்து விளக்கு எரிந்தபோது, அந்த முதியவரின் கண்களில் இருந்து ஒரு துளி நீர் உருண்டு விழுந்தது.'

சூப்பர்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அச்சில் வந்தது. எங்க டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. கூப்பிட்டுக் கைகுலுக்கினார். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஹாஸ்டல் பசங்க 'கடைசி வரியில கொன்னுட்ட மச்சி'ன்னாங்க. ஒரு காப்பியை எடுத்துக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். பெருமையா!

அவருக்குக் கண்ணாடி சரியில்லை. மகள்தான் சத்தமாப் படித்தார். கடைசி வரி வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அழலையே தம்பி..."

கோபம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் சொன்னார். நான் அசடு வழிந்தேன். 'இல்லைங்கய்யா... ஒரு ஃபீலிங்குக்காக...'

"ஃபீலிங்கா? அன்னிக்கு எனக்கு அழ எங்க நேரம்? படம் முடிஞ்சுது. டிஜிட்டல் பெட்டியை ஆஃப் பண்ணுனேன். மூலையில பழைய பிலிம் மிஷின் ரெண்டும் நிக்குதுல்ல... ஓடி ஏழெட்டு வருஷமாச்சு. வேட்டித் துணியை எடுத்து ரெண்டையும் நல்லாத் துடைச்சேன். ஆயில் விட்டேன். மூடி வெச்சுட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன். அவ்ளோதான்."

"இடிக்கப் போற தியேட்டர்தானே ஐயா? பழைய இரும்புக்குத்தானே போடப் போறாங்க?"

"போடட்டும். தூக்க வர்றவன் கையில அழுக்குப் படக் கூடாதுல்ல?"

பாருங்க... முப்பத்தோரு வருஷ வாழ்க்கை அந்த ஒரு பதிலில் இருந்தது. நான் கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பார். 'ஷோ முடிஞ்சதும் என்ன பண்ணீங்க?' இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், பதிலுக்கு ஒரு துளி கண்ணீரை என் பாக்கெட்டில் இருந்து எடுத்து வைத்துவிட்டேன்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். முடியலை. புதுசா வரப் போற மண்டபத்தில் ஜெனரேட்டரையும் கரன்ட் வேலையையும் பார்த்துக்கிற வேலையை அவருக்குத் தர்றதா தியேட்டர் முதலாளி சொல்லியிருந்தாராம். கட்டி முடிக்கிற வரைக்கும் சாமான்களைக் காவல் பார்த்துக்கிட்டு பாதிச் சம்பளம். என் கட்டுரையைப் படித்த முதலாளி, 'என்னமோ நான் வயசானவரைக் கண்ணீரோட வெளியே தள்ளின மாதிரி பேப்பர்ல போட வெச்சுட்டாரே'ன்னு கொதித்துப் போயிட்டார். 'இப்போதைக்கு வர வேணாம்'னு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

பெரியவர் இதை என்னிடம் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்த மகள்தான் சொன்னார்.

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு முதலாளி வீட்டு வாசலில் நின்றேன். 'அது நான் விட்ட கதை சார். அவர் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை'ன்னு சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன். அப்புறம் பத்திரிகை ஆபீஸ். உதவி ஆசிரியர் முழுசாக் கேட்டார். கத்தவில்லை. 'அடுத்த இதழில் திருத்தம் போடணும். நீயே எழுது'ன்னு ஒரு தாளைத் தள்ளினார். மூணே வரி. என் வாழ்க்கையில் எழுதினதுலேயே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட மூணு வரி அதுதான்!

ஒன்றரை மாசம் கழித்து பெரியவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனா, அந்த ஒன்றரை மாசச் சம்பளம் போனது போனதுதான். ஒரு 'நச்' வரிக்கு அவர் கொடுத்த விலை அது.

இருபது உட்காரல்கள்

திருத்தம் எழுதி முடித்த அன்று அந்த உதவி ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்து ஒரு கதை சொன்னார். கதை இல்லை, நிஜம்.

கொலம்பியா நாட்டு எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 1982-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினவர். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழிலேயே கிடைக்குது. மழை வருஷக்கணக்கில் பெய்யும், ஒரு பொண்ணு அப்படியே வானத்துக்குப் பறந்து போகும்... கற்பனைன்னா அப்படி ஒரு கற்பனை!

அதே மார்க்வெஸ் 1955-ல் போகோடாவில் ஒரு நாளிதழில் நிருபர். வயசு இருபத்தெட்டு. அந்த வருஷம் கொலம்பியக் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து எட்டு பேர் கடலில் விழுந்தார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் சோறு தண்ணி இல்லாம, ஒரு மிதவையில் பத்து நாள் கிடந்து உயிரோட கரை சேர்ந்தார். நாடே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 'புயலில் சிக்கியதால் விபத்து' என்றது அரசு.

அந்த மாலுமி தன் கதையைச் சொல்ல அந்த நாளிதழுக்கு வந்தபோது, அது ஏற்கெனவே எல்லாரும் எழுதித் தீர்த்த பழைய செய்தி. மார்க்வெஸ் என்ன செய்தார்? மாலுமியை உட்கார வைத்து இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறு மணி நேரம் பேசினார். நடுநடுவே, சொன்னது முன்னுக்குப் பின் முரணா இருக்கான்னு சோதிக்க மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார். அப்படிக் கேட்டதில் வந்து விழுந்த உண்மை என்ன தெரியுமா? புயலே இல்லை! டெக்கில் ஃப்ரிட்ஜ், டி.வி, வாஷிங் மெஷின்னு கடத்தல் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அலையில் கப்பல் சாய்ந்தபோது சரக்கோடு ஆட்களும் கடலில் விழுந்தார்கள்.

பதினாலு நாள் தொடராக வந்தது. அரசு மறுத்தது. மற்ற மாலுமிகள் டெக்கில் ஜாலியா எடுத்துக்கிட்ட போட்டோக்களைப் பத்திரிகை தேடிப் பிடித்துப் போட்டது. பின்னணியில் சரக்குப் பெட்டிகள்! அப்புறம் யார் என்ன மறுக்கிறது?

'நூறு கற்பனை பண்ணத் தெரிஞ்ச ஆளு, அந்தத் தொடரில் ஒரு புயலைக்கூடக் கற்பனை பண்ணலை பாத்தியா?'ன்னார் உதவி ஆசிரியர். 'அங்க புயல் இல்லைன்றதுதான் செய்தியே. ஒருவேளை உன்ன மாதிரி ஒருத்தன் போயிருந்தா, இடி மின்னலோட ரெண்டு பக்கம் எழுதியிருப்பான்!'

சுருக்குன்னு இருந்தது. பத்திரிகையின் கணக்கு இதுதான் பாஸ். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நாம கடன்பட்டிருக்கோம். அவர் சொல்லாததை ஒரு சொல்கூட எழுதும் உரிமை நமக்குக் கிடையாது. அழகா எழுதணும்னா ஒரே வழி, இன்னொரு கேள்வி கேக்கணும்.

இன்னொரு விஷயம். அதே 1955-ல் மார்க்வெஸ் ரோம் நகருக்குப் போய் சினிமாப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில், 1986-ல் கியூபாவில் ஒரு சினிமாப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். 1994-ல் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தர ஓர் அமைப்பையும் தொடங்கினார். மூணு வாசல்லயும் நுழைஞ்ச ஆள். ஆனா, எந்த வாசலில் என்ன செருப்புன்னு தெரிஞ்சவர்.

அப்போ கதைன்னா பொய்யா?

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ரெண்டு மாசம் கதையே எழுத முடியலை எனக்கு. ஒரு கேரக்டரைச் சிரிக்க வெச்சாக்கூட 'இவன் நிஜமாச் சிரிச்சானா?'ன்னு மனசு கேட்டது. காலேஜ் லைப்ரரியில் சும்மா புரட்டிக்கிட்டிருந்தப்போதான் ஜெயகாந்தன் கையில் கிடைத்தார்.

இவரும் மூணு வாசல்காரர்தான். அஞ்சாம் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவர். கம்யூனிஸ்ட் கட்சி அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். தன் நாவலான 'உன்னைப்போல் ஒருவனை' தானே டைரக்ட் செய்து தேசிய விருதும் வாங்கினவர். 2002-ம் வருஷத்துக்கான ஞானபீட விருதும் இவருக்குத்தான்.

1960-களில் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்'னு ஒரு சிறுகதை எழுதினார். மழையில் ஒரு காலேஜ் பொண்ணு முன்பின் தெரியாத ஒருத்தன் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விஷயம் தெரிஞ்ச அம்மா மகளைத் திட்டித் துரத்தவில்லை. தலையோட தண்ணி ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லி ஏத்துக்கிறாள். கதை வந்ததும் ஊரே ரெண்டுபட்டது. 'எந்த அம்மாடா இப்படி நடந்துக்குவா?'ன்னு கேள்வி.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தக் கேள்வியையே எடுத்துக்கிட்டு ஒரு நாவல் எழுதினார். சரி, அந்த அம்மா அப்படி நடந்துக்கலைன்னே வெச்சுக்குவோம். ஊரைக் கூட்டி அழுதுட்டான்னு வெச்சுக்குவோம். அப்புறம் அந்தப் பொண்ணு கதி என்ன ஆகும்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல். அந்த நாவலுக்குள்ள கங்காவே 'அக்கினிப் பிரவேசம்' கதையை ஒரு பத்திரிகையில் படிப்பாள்! அப்புறம் ஜெயகாந்தனே திரைக்கதை, வசனம் எழுத, பீம்சிங் டைரக்‌ஷனில் படமானது. கங்காவா நடிச்ச லட்சுமிக்கு தேசிய விருது.

நல்லாக் கவனிங்க. ஒரே பொண்ணு, ஒரே மழை, ரெண்டு அம்மாக்கள். எந்த அம்மா நிஜம்? ரெண்டு பேருமே நிஜம்! ஏன்னா ரெண்டு பேருமே நம்ம தெருவில் இருக்காங்க. கதை எழுதுறவன் நடந்ததுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா, 'இப்படி நடக்கும், நடந்தா இதுதான் விளைவு'ன்னு கடைசி வரைக்கும் கூட வந்து கணக்குச் சொல்லணும். அம்மாவை அழ வெச்சா, அந்த அழுகை மகள் தலையில் என்னவா விடியும்னு ஒரு நாவல் தூரம் நடந்து பார்க்கணும்.

நான் போட்ட கண்ணீர்த் துளி அப்படிப்பட்டதா? இல்லவே இல்லை. எங்கேயோ பத்து படத்தில் பார்த்தது, பத்துக் கதையில் படிச்சது. செய்தியில் அது பொய். கதையில் போட்டிருந்தாலும் அது சோம்பேறித்தனம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டை வழியே தெரிந்த சினிமா

திருத்தம் வெளியான அப்புறமும் நான் பெரியவரைப் பார்க்கப் போவேன். முதலில் குற்ற உணர்ச்சியில், அப்புறம் சும்மா, அப்புறம் கேட்கிறதுக்காகவே! ஆபரேட்டர் ரூமில் கண்ணுக்கு நேரா ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கும். முப்பத்தோரு வருஷம் அது வழியே படத்தையும் பார்த்திருக்கார், படம் பார்க்கிறவங்களையும் பார்த்திருக்கார்.

ஃபிசிக்ஸ் ஸ்டூடன்ட் எனக்கே அவர்தான் கணக்குச் சொன்னார். பிலிம் ஒரு செகண்டுக்கு 24 படம் ஓடும். ரெண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிஷம் வரும். ஒரு மிஷினில் ரீல் முடியறதுக்குள்ள இன்னொன்றைத் தயாரா வெச்சு, ஜனத்துக்குத் தெரியாம மாத்தணும். 'கண்ணசந்தா கீழேருந்து விசில் பறக்கும் தம்பி!'

ஒருநாள் கேட்டேன். 'எந்த சீனுக்கு ஜனங்க அழுவாங்க?'

"ஹீரோ அழுதா ஜனம் அழாது தம்பி. அவன்தான் அழுறானே, நாம எதுக்குன்னு உக்காந்திருக்கும். அவன் அடக்கிக்கிட்டு நிப்பான் பாரு... அப்பத்தான் கீழே மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு மகேந்திரன் ஞாபகம் வந்தது.

காரைக்குடி அழகப்பா கல்லூரியில் அலெக்சாண்டர்னு ஒரு மாணவர். எம்.ஜி.ஆர். சிறப்பு விருந்தினரா வந்த விழாவில் சினிமாவைப் பற்றிப் பேசக் கிடைச்சது சில நிமிஷம்தான். காலேஜில் ஒரு பொண்ணோட நின்னு பேசினாலே ஊரே பார்க்குது, சினிமாவில் மட்டும் ஊரறியப் பாட்டுப் பாடி ஓடுறாங்களே, யாரும் ஏன்னு கேக்குறதில்லையேன்னு மேடையில் இருந்தவர் முன்னாலேயே கிண்டலடித்தார். கூட்டம் ஆரவாரம் பண்ணுது. எம்.ஜி.ஆர். சிரித்துவிட்டு, நல்ல விமர்சகரா வரத் தகுதியானவர்னு எழுதியே கொடுத்துட்டுப் போனார்.

அந்த அலெக்சாண்டர்தான் மகேந்திரன். சென்னைக்குச் சட்டம் படிக்க வந்து, பணமில்லாம பாதியில் விட்டு, 'இனமுழக்கம்' பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார். அங்கேதான் எம்.ஜி.ஆர். மறுபடி அவரைப் பார்த்து, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்தப் படம் வரவே இல்லை (மணிரத்னம் எடுத்து 2022-ல்தான் வந்தது!). அப்புறம் 'துக்ளக்' பத்திரிகை, 'தங்கப்பதக்கம்' கதை-வசனம்னு சுற்றி, 1978-ல் உமாசந்திரன் நாவலில் இருந்து 'முள்ளும் மலரும்' எடுத்தார்.

கவனிங்க... பக்கம் பக்கமா வசனம் எழுதிப் பேர் வாங்கினவர், தானே டைரக்ட் செய்தப்போ வசனத்தைத்தான் முதல்ல வெட்டினார். படத்தில் பேச்சே கம்மியா இருக்கேன்னு தயாரிப்பாளர் வருத்தப்பட்டதை மகேந்திரனே சொல்லியிருக்கார். அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து முளைச்ச படம். கதையைப் படிச்சுட்டுப் படத்தைப் பார்த்தா ரெண்டும் வேற வேற. ஆனா, தாயில்லாப் பிள்ளைங்க முகத்தில் இருக்குமே ஒரு பாவம், அது மட்டும் அப்படியே இருக்கும். படத்தின் முடிவில் ஆத்தங்கரையில் அந்த ரெண்டு பிள்ளைகள். அவ்வளவுதான். யாரும் எதுவும் விளக்கிச் சொல்ல மாட்டாங்க.

சினிமாவின் கணக்கு இது. சொல்லாதே, காட்டு. காட்டும்போதும் பாதியை ஜனத்துக்கிட்ட விட்டுடு. மிஷினைத் துடைக்கிற கையைக் காட்டினால் போதும். கண்ணுக்குப் போகவே வேணாம்!

'எழுதி என்ன சாப்பிடுவ?'

இதெல்லாம் சரி பாஸ், ஆனா வீட்டில் ஒரு கேள்வி காத்துக்கிட்டிருக்கே! எங்கப்பா மில் வேலை. 'எழுதுறியா எழுது. எழுதி என்ன சாப்பிடுவ?' ரெண்டே வாக்கியம். பதில் சொல்ல முடியலை. உங்க வீட்டிலும் இதே சீன்தானே?

இந்த இடத்தில் சில பேர் 'கனவைத் துரத்துங்க, எல்லாம் தானா நடக்கும்'னு சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். புதுமைப்பித்தன் கதை தெரிஞ்சதுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல மனசு வரலை.

1906-ல் பிறந்தவர். சொ.விருத்தாசலம்னு பேர். 'மணிக்கொடி'யில் எழுதினார், 'தினமணி'யில் உதவி ஆசிரியர். 1943-ல் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் விலகினப்போ கூடவே வெளியே வந்தார். தமிழ்ச் சிறுகதையைத் தலைகீழாப் புரட்டிப் போட்ட மனுஷன் அப்புறம் பிழைப்புக்காக சினிமாவுக்குப் போனார். ஜெமினியின் 'அவ்வையார்' படத்துக்கு வேலை பார்த்தார். சொந்தமா ஒரு படக் கம்பெனி ஆரம்பித்தார், படம் வரலை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுத புனேவுக்குப் போன இடத்தில் காசநோய் முற்றியது. 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயசு நாற்பத்திரண்டு. 'ராஜமுக்தி' வெளியானதைக்கூட அவர் பார்க்கலை. அவர் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமை ஆனது. ஐம்பத்து நாலு வருஷம் கழித்து!

பயமுறுத்தச் சொல்லலை. இன்னொரு வழியும் இருந்ததுன்னு சொல்லத்தான். அசோகமித்திரன். 1950-களில் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. என்ன வேலை? செய்தித்தாள்களைக் கத்தரித்து ஃபைல் பண்ணுற வேலை! பார்க்கிறவங்களுக்கு இவர் சும்மா பேப்பர் கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். பத்து வருஷத்துக்கும் மேல அப்படி உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோவுக்கு வந்து போன ஒவ்வொரு முகமும் அவர் மனசில் ஃபைல் ஆகிக்கிட்டிருந்தது யாருக்கும் தெரியாது. அதுல இருந்து வந்ததுதான் சினிமா உலகத்தைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' நாவல். அந்த நாட்களைப் பற்றி அவர் இங்கிலீஷில் எழுதின ஒரு பகுதியை சி.பி.எஸ்.இ. பசங்க ப்ளஸ் டூ பாடமாவே படிச்சிருப்பீங்க.

நான் எங்கப்பாவுக்கு இப்போ சொல்ற பதில் இதுதான்: 'சம்பளத்துக்கு ஒரு வேலை பார்க்கிறேன்ப்பா. அந்த வேலையையும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பார்க்கிறேன்.' இப்போ ஒரு கூரியர் கம்பெனி ஆபீஸில் பகல் வேலை. எத்தனை முகவரிகள், எத்தனை கையெழுத்துகள், எத்தனை மனுஷங்க!

மூணு பக்க நோட்டு

அட்வைஸ் பண்ற வயசு எனக்கு இல்லை. நான் செய்து பார்த்ததைச் சொல்றேன், பிடிச்சா செய்ங்க.

ஒரு நோட்டை எடுத்து மூணு பாகமாப் பிரிச்சுக்கோங்க. முதல் பாகம், 'கண்டது கேட்டது'. பஸ்ஸில், கேன்டீனில், ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்த்ததை அப்படியே எழுதுங்க. யார், எங்கே, எத்தனை மணி, என்ன வார்த்தை. 'சோகமாக', 'ஏக்கத்தோடு' மாதிரி சொற்களுக்கு இங்கே அனுமதி கிடையாது. இது உங்க பத்திரிகைப் பாடம்.

இரண்டாவது, 'அப்படி நடந்திருந்தா?' முதல் பாகத்தில் இருந்து ஒரு ஆளை எடுத்து, பேரை மாத்தி, ஊரை மாத்தி, ஒரு விஷயத்தை மட்டும் வேற மாதிரி திருப்புங்க. அது எங்கே கொண்டு போகுதோ கூடவே போங்க. இது கதை.

மூணாவது, 'பேசாம சொல்'. அதே விஷயத்தை ஒரு வசனம்கூட இல்லாம, கண்ணுக்குத் தெரியறதையும் காதுக்குக் கேக்குறதையும் மட்டும் வெச்சு எழுதுங்க. ஒருவேளை ஒரு நல்ல படத்தை ஒருமுறை சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தீங்கன்னா, இது எவ்வளவு கஷ்டம்னு புரியும்.

மூணு பாகத்துக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு வெச்சுக்கோங்க. முக்கியமா முதல் பாகத்துக்கும் ரெண்டாவது பாகத்துக்கும் நடுவுல... நல்லா அழுத்தி!

என் நோட்டில் முதல் பாகத்தின் முதல் பக்கத்தில் அந்தப் பெரியவர் இருக்கார். போன மாசம் போயிருந்தேன். மண்டபத்தில் முகூர்த்தக் கூட்டம். அவர் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே கேட்டார்... "என்ன தம்பி, இன்னிக்கு நான் அழுறேனா, சிரிக்கிறேனா? நல்லாப் பாத்துக்கிட்டுப் போய் எழுது!"

சிரிச்சார். நான் பார்த்தேன். அதான் எழுதியிருக்கேன்.